தொழில் தெரிந்த கைகள்: ஒரு லண்டன் தையல் இல்லம் திரைக்கு வந்த விதம்

எதைப் பற்றிய பதிவு

2017 டிசம்பரில் வெளியான 'ஃபேன்டம் த்ரெட்' என்ற ஆங்கிலப் படம் 1950களின் லண்டனில் நடக்கும் கதை. அரச குடும்பத்தாருக்கும் பணக்காரப் பெண்களுக்கும் உடை தைத்துத் தரும் ஒரு வடிவமைப்பாளர் அதன் நாயகன். வேலை வேலை என்றே கிடப்பவர். காலை மேசையில் யாராவது ரொட்டியில் வெண்ணெய் தடவும் சத்தம் கேட்டாலே அவருடைய நாள் கெட்டுவிடும். கடலோர விடுதியில் உணவு பரிமாறும் ஒரு பெண்ணைப் பார்க்கிறார், பிடித்துப்போகிறது, வீட்டுக்கு அழைத்து வருகிறார். அந்த வீட்டின் விதிகளுக்கு மற்றவர்கள் பழகிப்போனதுபோல் அவள் பழகவில்லை. கடைசியில் விஷமுள்ள காட்டுக் காளானைச் சமைத்துத்தான் அவரை வழிக்குக் கொண்டுவருகிறாள்.

காதல் கதையாக இதைப் பலர் அலசிவிட்டார்கள். நான் பார்க்க நினைப்பது படக்குழுவின் வேலையை: ஒரு கைத்தொழிலைத் திரையில் நம்பவைக்க அவர்கள் என்னென்ன முடிவெடுத்தார்கள், எது பலித்தது, எதற்கு யார் விலை கொடுத்தார்கள். நெசவோ, தச்சோ, சமையலோ, ஏதாவது ஒரு தொழிலை நடுவில் வைத்துப் படமெடுக்க நினைப்பவர்களுக்கு இது பயன்படும். படத்தில் உழைத்தவர்களைப் பெயர் சொல்லாமல் அவரவர் பொறுப்பைக்கொண்டே குறிப்பிடுகிறேன்.

பின்புலம்

கதை நடக்கும் காலத்தைப் புரிந்துகொள்ளாமல் உடைகளைப் புரிந்துகொள்ள முடியாது. பிரிட்டனில் 1941 ஜூன் 1 முதல் 1949 மார்ச் 15 வரை துணிக்குப் பங்கீடு இருந்தது. கையில் பணம் இருந்தாலும் கூப்பன் இல்லாமல் ஒரு சட்டைகூட வாங்க முடியாது. 1947 பிப்ரவரியில் பாரிஸில் கிறிஸ்டியன் டியோர் துணியைத் தாராளமாகச் செலவழித்து, இடுப்பை இறுக்கி, பாவாடையை அகலமாக்கி ஒரு புதுப் பாணியைக் கொண்டுவந்தபோது, லண்டன் இன்னும் கூப்பனை எண்ணிக்கொண்டிருந்தது. உணவுப் பங்கீடு முழுவதும் நீங்கியது 1954 ஜூலையில்தான்.

ஆனாலும் லண்டனில் உயர்தரத் தையல் இல்லங்கள் இருந்தன. 1942-லேயே அவை தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டன. நார்மன் ஹார்ட்னெல் 1947-ல் இளவரசி எலிசபெத்தின் திருமண உடையையும் 1953-ல் அவருடைய முடிசூட்டு உடையையும் செய்தார். ஹார்டி ஏமிஸ் 1946 முதல், லண்டனில் தையல்காரர்களுக்குப் பேர்போன சவில் ரோ தெருவில் இல்லம் நடத்தினார். பாரிஸோடு ஒப்பிட்டால் லண்டன் உடைகள் கொஞ்சம் கனமானவை, அடக்கமானவை. குளிருக்கும் சடங்குக்கும் நாட்டுப்புற மாளிகைக்கும் தைத்தவை. புதுமை தேடி வரும் வாடிக்கையாளர்களைப் பாரிஸிடம் இழந்துவிடுவோமோ என்ற பயமும் அங்கே இருந்தது. படத்து நாயகன் ஒரு கட்டத்தில் 'ஷீக்' (நவநாகரிகம்) என்ற சொல்லைக் கேட்டு வெடிப்பது இந்தப் பயத்தில்தான்.

இயக்குநருக்கு இந்த உலகத்தில் ஆர்வம் வந்தது, பாரிஸில் இல்லம் நடத்திய ஸ்பானியரான கிறிஸ்டோபல் பாலென்சியாகாவைப் பற்றிப் படித்தபோது. தையல்காரத் தாயிடம் வளர்ந்தவர், துணி வெட்டுவது முதல் தைப்பது வரை தன் கையாலேயே செய்யக்கூடியவர், இல்லத்தில் மடம்போல அமைதி வேண்டும் என்றவர். 1937-ல் பாரிஸில் தொடங்கிய இல்லத்தை 1968-ல் மூடிவிட்டார். படத்து நாயகனும் தாயிடம் தையல் கற்றவன்தான். தாயின் முடிக்கற்றை ஒன்றைத் தன் கோட்டின் உள்துணியில் வைத்துத் தைத்துக்கொண்டு திரிபவன்.

கவனித்த சிக்கல்

தொழிலைக் காட்டும் படங்களில் பொய் முதலில் தெரிவது கைகளில். முகம் நடித்துவிடும், கை நடிக்காது. நம் படங்களில் தையல் மிஷின் மிதிக்கும் நாயகிகளைக் கவனித்துப் பாருங்கள், ஊசியில் நூலே கோத்திருக்காது. ஊசியைப் பிடிக்கும் கோணம், நூலை வெட்டும் இடம், துணியை மடியில் போட்டுக்கொள்ளும் விதம் எல்லாம் ஆண்டுக்கணக்கான பழக்கத்தில் வருபவை. தையல் தெரிந்த ஒருவர் அரங்கில் உட்கார்ந்திருந்தால் அரை நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

இந்தப் படத்துக்கு அது இரட்டைச் சிக்கல். நாயகன் தைக்கத் தெரிந்தவனாக மட்டும் இருந்தால் போதாது. அவனுக்குக் கீழே வெள்ளைக் கோட்டணிந்த ஒரு கூட்டமே தினமும் காலையில் படியேறி வந்து வேலை செய்கிறது. அந்தக் கூட்டம் பொய்யென்றால் அவனுடைய மேதைமையும் பொய்யாகிவிடும். ஓர் இல்லத்தின் பெயர் ஒருவருடையது, தையல் பலருடையது என்பதே இந்தத் தொழிலின் அடிப்படை.

முதல் முடிவு: நாயகனுக்கு ஓராண்டுப் பயிற்சி

முதன்மை நடிகர் எந்த வேடத்துக்கும் நீண்ட தயாரிப்பு செய்பவர். இந்த முறை நியூயார்க் நகர பாலே குழுவின் உடைப் பிரிவுத் தலைவரிடம் ஏறக்குறைய ஓராண்டு தொழில் பழகினார். ஊசி பிடிப்பதில் தொடங்கி, துணியை உடல்மேல் போட்டு வடிவம் எடுப்பது வரை கற்றார். முடிவில் பாலென்சியாகாவின் உடை ஒன்றைப் புகைப்படத்தைப் பார்த்தே மறுபடி தைத்துப் பார்த்தார். அளந்து பார்க்க நின்றவர் அவருடைய மனைவி. அக்குளில் வைத்துத் தைக்கும் சாய்சதுரத் துண்டுதான் அவரை அதிகம் படுத்தியதாம். கையை உயர்த்தினால் உடை மேலே ஏறாமல் இருக்க வைக்கும் துண்டு அது. ரவிக்கை தைப்பவர் எவரையும் கேளுங்கள், அக்குள்தான் சோதனை என்பார்.

வேடத்துக்கான உடைகளிலும் அவர் தலையிட்டார். சூட்டுகளை சவில் ரோவின் ஆண்டர்சன் அண்ட் ஷெப்பர்ட் தைத்தது. காலணி ஜார்ஜ் கிளெவர்லியிடமிருந்து வந்தது. பேன்ட் நுனியில் எட்டிப் பார்க்கும் ஊதா காலுறை, ரோமில் பாதிரியார்களுக்கு உடை விற்கும் கம்மரெல்லி கடையுடையது.

ஓராண்டுப் பயிற்சி திரையில் எங்கே தெரிகிறது? அவர் நேரடியாகத் தைக்கும் காட்சிகள் குறைவு. பயிற்சி பளிச்சென்று வெளிப்படுவது, அந்தப் பெண்ணை முதன்முதலில் வீட்டுக்கு அழைத்துவந்து அளவெடுக்கும் இரவில். டேப்பை அவர் பார்ப்பதே இல்லை. தோளிலிருந்து நழுவவிட்டு, இடுப்பைச் சுற்றி, எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறார். இல்லத்தை நிர்வகிக்கும் அவருடைய சகோதரி அறைக்குள் வந்து, ஒரு வார்த்தையும் கேட்காமல் நோட்டை எடுத்து எண்களைக் குறித்துக்கொள்கிறாள். காதல் காட்சி என்று நினைத்து நின்ற பெண், தான் ஒரு துணி பொம்மையாக ஆகிவிட்டதை அப்போது உணர்கிறாள். கண் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் போகும் இந்தப் பழக்கம் இல்லாமல் அந்தக் காட்சியில் கொடுமை தெரிந்திருக்காது. பயிற்சிக்கான செலவை இந்தச் சில நிமிடங்களே ஈடுகட்டிவிட்டன என்பது என் கணிப்பு.

இரண்டாவது முடிவு: அருங்காட்சியகத்தில் கிடைத்த இருவர்

உடைகளின் உட்புறத்தைப் பார்ப்பதற்காக இயக்குநரும் குழுவினரும் லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். காட்சிப் பெட்டியில் இருக்கும் உடை அதன் வெளிப்பக்கத்தை மட்டுமே காட்டும். ஒரு தையல் இல்லத்தின் தரம் தெரிவது உள்ளே: லைனிங்கில், மடித்துத் தைத்த விளிம்பில், பிற்காலத்தில் உடம்பு பெருத்தால் பிரித்துவிட வசதியாக விட்டுவைத்த துணியில். அருங்காட்சியகத்தின் துணிச் சேகரிப்பு அப்போது மேற்கு லண்டனில் பிளைத் ஹவுஸ் என்ற பழைய கட்டடத்தில் இருந்தது. முன்கூட்டியே நேரம் வாங்கிப் போனால் உடையை மேசையில் விரித்துக் காட்டுவார்கள். (அந்தச் சேகரிப்பு பிறகு கிழக்கு லண்டனுக்கு இடம் மாறி, 2025 மே முதல் அங்கே திறந்திருக்கிறது.)

இந்த ஆய்வில் உடைகள் மட்டும் கிடைக்கவில்லை. அங்கே தன்னார்வலர்களாக இருந்த, தையல் தொழிலில் ஊறிய இரண்டு மூத்த பெண்களும் கிடைத்தார்கள். நடிப்பு அவர்களுக்குப் புதிது. இயக்குநர் அவர்களை ஆலோசனையோடு நிறுத்திக்கொள்ளாமல், இல்லத்தின் மூத்த தையல்காரிகளாகப் படத்திலேயே நடிக்கவைத்தார். படத்தின் மிகச் சிறந்த முடிவு இதுதான்.

காரணத்தை ஒரு காட்சியில் பார்க்கலாம். பெல்ஜிய இளவரசியின் திருமண உடை தயாராகி, தலையில்லாப் பொம்மைமேல் நிற்கிறது. காளான் விஷத்தில் தள்ளாடும் நாயகன் அதன்மேல் விழுகிறான், உடை பாழாகிறது. விடிந்தால் உடை அனுப்பப்பட வேண்டும். சகோதரி தையல்காரிகளைத் திரட்டி இரவோடு இரவாக வேலைவாங்குகிறாள். மேசையைச் சுற்றிப் பெண்கள், நடுவில் மலைபோல் வெள்ளைத் துணி. யாரும் பதறுவதில்லை. ஒருத்தி பிரிக்கிறாள், ஒருத்தி தைக்கிறாள், புதிதாக வந்தவளுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அரைச் சொல்லில் சொல்லப்படுகிறது. மேலே மாடியில் மேதை படுத்திருக்கிறார், கீழே உடை அவரில்லாமலே சரியாகிறது. வசனத்தில் ஒருவரும் இதைச் சொல்வதில்லை. கைகளே சொல்லிவிடுகின்றன.

இதே காட்சியைப் பயிற்சி பெற்ற துணை நடிகைகளை வைத்து எடுத்திருந்தால், பரபரப்பைக் காட்டவேண்டும் என்று முகத்தைச் சுளித்திருப்பார்கள், நெற்றியைத் துடைத்திருப்பார்கள். தொழில் தெரிந்தவர்களுக்கு இரவு வேலை புதிதில்லை, அதனால் அவர்கள் முகத்தில் ஒன்றுமே இல்லை. அந்த 'ஒன்றுமே இல்லை' என்பதை நடித்துக் கொண்டுவருவது மகா கஷ்டம்.

மூன்றாவது முடிவு: எவ்வளவு அழகு போதும்?

உடை வடிவமைப்பாளர் இந்த இயக்குநரோடு நீண்ட காலம் வேலை செய்தவர். அவர்முன் இருந்த கேள்வி விசித்திரமானது: இல்லாத ஒரு வடிவமைப்பாளரின் கைவரிசையை உருவாக்க வேண்டும், ஆனால் அது டியோரையோ பாலென்சியாகாவையோ நகலெடுத்ததுபோல் இருக்கக்கூடாது. அவர் அடர் நிறங்களையும், வெல்வெட், சாட்டின், லேஸ் போன்ற கனத்த துணிகளையும் எடுத்துக்கொண்டார். வந்த உடைகள் நேர்த்தியானவை, ஆனால் கொஞ்சம் பழையவை, கொஞ்சம் இறுக்கமானவை.

படம் வந்தபோது சிலர் இந்த உடைகள் அவ்வளவு ஒன்றும் அழகாக இல்லையே என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானதுதான், ஆனால் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பாரிஸுக்குப் போய்விடும் வாடிக்கையாளரை எண்ணிப் புழுங்கும் லண்டன்காரரின் உடை அப்படித்தான் இருக்கும். கண்ணைப் பறிக்கும் உடைகளைச் செய்திருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும், பாத்திரம் செத்திருக்கும்.

நான்காவது முடிவு: உண்மையான வீடு

இல்லத்தின் காட்சிகளை அரங்கம் போடாமல், லண்டன் ஃபிட்ஸ்ராய் சதுக்கத்தில் ஒரு பழைய ஜார்ஜியக் கால வீட்டில் எடுத்தார்கள். பல தளங்கள், நடுவே வளைந்து ஏறும் படிக்கட்டு. அந்தப் படிக்கட்டு படத்துக்கு முதுகெலும்பு. கீழே வாடிக்கையாளர், மேலே தையல் கூடம் என்று தகுதியும் உழைப்பும் மாடி மாடியாகப் பிரிந்திருப்பதை அது சொல்லாமல் சொல்கிறது.

விலையும் அதிகம். பெரிய குழு முழுவதும் அதே வீட்டுக்குள் ஒருவர்மேல் ஒருவராக அடைந்துகிடந்தது. விளக்கும் வயரும் ஆட்களும் அறைகளை நிரப்பின. முதன்மை நடிகரே பின்னர் அந்த நாட்களைக் கொடுங்கனவாக நினைவுகூர்ந்தார். ஒளிப்பதிவாளர் என்று தனியாக ஒருவர் பெயரும் படத்தில் இல்லை. இயக்குநரும் ஒளி, கேமராக் குழுவினரும் சேர்ந்தே செய்தார்கள். பழங்காலப் படம் என்றால் வழுவழுப்பாகத் தெரிய வேண்டும் என்ற வழக்கத்தைத் தவிர்க்க, ஃபிலிமை அதிகமாகக் கழுவி, அறையில் புகை பரப்பி, பிம்பத்தை வேண்டுமென்றே கொஞ்சம் அழுக்காக்கினார்கள். அது நல்ல முடிவு, வீட்டின் பழுப்புச் சுவர்களோடு ஒட்டிக்கொண்டது.

ஐந்தாவது முடிவு: முதல் சந்திப்பைப் படப்பிடிப்புக்கு ஒத்திவைத்தது

படப்பிடிப்பு 2017 ஜனவரியில் யார்க்‌ஷயர் கடற்கரையில் தொடங்கியது. நாயகியாக நடித்த லக்ஸம்பர்க் நடிகை, நாயகனை அதற்குமுன் சந்தித்ததே இல்லை. அவர்களுடைய முதல் சந்திப்பு கேமராவுக்கு முன்னால், ராபின் ஹூட்ஸ் பே ஊரின் விடுதியில், அந்தக் காலை உணவுக் காட்சியில் நடந்தது. நாயகன் முட்டை, பன்றிக்கறி, ஸ்கோன், க்ரீம், ஜாம் (ஸ்ட்ராபெர்ரி கூடாது), புகைமணம் வீசும் லாப்சாங் தேநீர், பிறகு தொத்திறைச்சி என்று அடுக்கிக்கொண்டே போகிறார். அவள் எழுதிய சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, நினைவில் இருக்குமா என்று கேட்கிறார்.

காட்சிக்கு இது அபாரமாக உதவியது. அவள் முகம் சிவப்பதும் கால் தடுக்குவதும் புதியவரைக் காணும் பதற்றத்தோடு கலந்திருக்கின்றன. ஆனால் வேலைப் பங்கீடாகப் பார்த்தால் சமமில்லாத ஏற்பாடு. ஒருவருக்கு ஓராண்டு தயாரிப்பு, தன் உலகத்தைத் தானே கட்டிக்கொள்ளும் சுதந்திரம். இன்னொருவர் அந்த உலகத்துக்குள் தயாரிப்பின்றி நுழைந்து, அங்கேயே தாக்குப்பிடிக்க வேண்டும். படத்தின் கதையும் இதுதான் என்பதை யாரும் கவனிக்காமல் இருக்க முடியாது. படைப்பவரின் அமைதிக்காகச் சுற்றியிருப்பவர்கள் ரொட்டியைச் சத்தமில்லாமல் தின்னவேண்டிய வீட்டைக் காட்டும் படம், கொஞ்சம் அதே விதத்தில் எடுக்கப்பட்டிருக்கிறது.

பின்னர் நடந்தவை

படப்பிடிப்பு ஏப்ரலில் முடிந்தது. ஜூனில், படம் வெளிவருவதற்கு முன்பே, முதன்மை நடிகர் நடிப்பை விடுவதாக அறிவித்தார். படமெடுக்கும்போதே ஒரு துயரம் தன்னைப் பிடித்துக்கொண்டதாகவும், முடிந்த படத்தைப் பார்க்க விருப்பமில்லை என்றும் பின்னர் சொன்னார். 2025-ல் தன் மகன் இயக்கிய படத்தில்தான் மறுபடி நடித்தார்.

படம் 2017 டிசம்பர் 25-ல் அமெரிக்காவில் வெளியானது. சுமார் 3.5 கோடி டாலர் செலவில் எடுத்த படம், உலகம் முழுவதும் சுமார் 5 கோடி டாலர் வசூலித்தது. திரையரங்குகளின் பங்கைக் கழித்தால் லாபமென்று சொல்ல முடியாது. ஆறு ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன, வென்றது ஒன்று: உடை வடிவமைப்பு. பிரிட்டனின் பாஃப்டா திரைப்பட விருதும் அதற்கே. ஆஸ்கர் மேடையில் மிகச் சுருக்கமாகப் பேசுபவருக்கு ஒரு ஜெட் ஸ்கீ பரிசு என்று தொகுப்பாளர் வேடிக்கையாக அறிவித்திருந்தார், அதையும் உடை வடிவமைப்பாளரே தட்டிச்சென்றார். வடிவமைப்பாளன் பேச்சில் சிக்கனம் காட்டியது எனக்குப் பொருத்தமாகவே பட்டது.

மறுபடி செய்தால்

வீட்டை அப்படியே வைத்துக்கொள்ளலாம், ஆனால் எல்லாவற்றையும் அங்கே எடுக்கத் தேவையில்லை. படிக்கட்டு, வரவேற்பறை, அளவெடுக்கும் அறை ஆகியவை உண்மையான வீட்டில் இருக்கட்டும். உணவு மேசைக் காட்சிகளையும் படுக்கையறைக் காட்சிகளையும் அரங்கில் எடுத்திருந்தால் குழுவுக்கு மூச்சுவிட இடம் கிடைத்திருக்கும், படத்துக்குப் பெரிய நஷ்டம் இல்லை.

நாயகியின் தயாரிப்பில் மாற்றம் வேண்டும். முதல் சந்திப்பின் புதுமையைக் காப்பாற்ற ஒருநாள் ஒதுக்கினால் போதும். அதற்குமுன் அவரையும் தையல் கூடத்தில் சில வாரங்கள் உட்காரவைத்திருக்கலாம், ஏனென்றால் கதையில் அவளும் அந்தக் கூடத்தில் ஊசி பிடிக்கிறாள். நாயகனைச் சந்திக்காமலே அந்தப் பயிற்சி நடந்திருக்கும்.

தொழில் தெரிந்தவர்களை இன்னும் முன்னாலேயே, திரைக்கதை எழுதும்போதே கூட்டிவந்திருக்கலாம் என்றும் தோன்றுகிறது. இரவு வேலைக் காட்சி இவ்வளவு நன்றாக இருப்பதால்தான் இந்த ஆசை வருகிறது. அந்த மூத்த பெண்கள் இருவருக்கும் படம் முழுவதிலும் சில வரிகளே. கூடத்தில் யார் யாரை ஏவுவார்கள், பிழை செய்தால் யார் மூடிமறைப்பார்கள், திருமண உடையைத் தைத்தால் தனக்குத் திருமணமாகாது என்று அஞ்சும் பெண்ணுக்கு எந்த வேலை கொடுப்பார்கள் என்பதெல்லாம் அவர்களிடம் இருந்திருக்கும். படத்தில் அந்த மூடநம்பிக்கை நாயகனின் வாயில் ஒரு கதையாக வந்துபோகிறது. கூடத்துக்குள் நடந்திருந்தால் எடை கூடியிருக்கும்.

சின்னப் படம் எடுப்பவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சியும் சவில் ரோ சூட்டும் எட்டாது. இரண்டாவது முடிவுக்கு அதிகம் செலவில்லை. ஒரு தையல் கடையில் மாஸ்டரோடு பகல் முழுக்க உட்கார்ந்து கவனித்துவிட்டு, அவரையே கேமராவுக்கு முன் உட்காரவைத்து, பேட்டாவோடு டைட்டிலில் அவர் பெயரையும் போட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.